கொங்கு நாட்டுக் குடும்பப் பகையை அடிதடிப் படமாக எழுதுவது எப்படி

கொங்கு நாட்டில் இரண்டு குடும்பங்கள் பகையாகிவிட்டன என்பது பெரும்பாலும் முதலில் கல்யாண அழைப்பிதழில்தான் தெரியவரும். பங்காளிகள் பெயரும் மாமன் மச்சான்கள் பெயரும் வரிசையாக அச்சாகியிருக்கும் அந்தத் தாளில், இருக்க வேண்டிய ஒரு பெயர் இல்லாமல் போயிருக்கும். அழைப்பிதழைக் கையில் வாங்கிய ஊர்ப் பெரியவர்கள் மணமக்களின் பெயரைப் படிப்பதற்கு முன்பே அந்த வரிசையைத்தான் விரல் வைத்துப் பார்ப்பார்கள். "பெரிய தோட்டத்துக்காரங்க பேரக் காணமுங்க" என்று யாரோ ஒருவர் மெதுவாகச் சொல்வார். மற்றவர்கள் பதில் சொல்லமாட்டார்கள். அடிதடிப் படத்துக்குக் கதை தேடும் ஒருவர் கவனிக்க வேண்டிய முதல் காட்சி இதுவே.

நான் சென்னிமலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். திரைக்கதை எழுதும் நண்பர்கள் சிலர், ஊர் வழக்கம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தங்கள் பிரதிகளை என்னிடம் கொடுப்பது உண்டு. அவற்றில் பல, தென்மாவட்டத்துப் பகைக்கதை ஒன்றை எடுத்து, ஊரின் பெயரைப் பொள்ளாச்சி என்று மாற்றி, வசனத்தின் முனையில் 'ங்க' சேர்த்து எழுதப்பட்டவையாக இருக்கின்றன. உழைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் பகை எங்கே பிறக்கிறது என்ற இடத்தில் தவறிவிடுகிறார்கள். கிராமத்து வீட்டுக்கும் நகரத்து வீட்டுக்கும் இடையே குடும்ப விசுவாசமும் பழிவாங்கலும் மோதும் ஒரு படத்தைக் கொங்கு மண்ணில் வைத்து எழுத விரும்புகிறவர்களுக்காக, ஒரு கற்பனைக் கதையைப் படிப்படியாகக் கட்டிக் காட்டி இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

இரண்டு வீடும் ஒரே வீடு

ஊருக்கும் நகரத்துக்கும் பகை என்றவுடன், பத்தாண்டு கழித்து ஊர் திரும்பும் நாயகனையும், ஊர் இன்னதென்றே அறியாத நகரத்து வில்லனையும் எழுதத் தோன்றும். கொங்கில் அந்தத் தூரம் கிடையாது. கோயம்புத்தூரில் 1888-இல் முதல் பஞ்சாலை எழுந்த காலம் தொட்டு, இங்குள்ள தொழில் நகரங்களுக்கு ஆளும் முதலும் பெருமளவு சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தே போயிருக்கின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களில் பலர், மச்சானையோ பங்காளியையோ கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தோட்டத்தை அடமானம் வைத்த பணத்தில் நாலு தையல் மெஷினோடு தொடங்கியவர்கள். அவர்களுடைய குலதெய்வம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு வரி கட்ட அவர்கள் ஒரு மணி நேரத்தில் காரில் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆகவே நீங்கள் எழுதப்போவது இரண்டு குலங்களின் மோதல் என்பதைக் காட்டிலும், ஒரே வீடு இரண்டாகப் பிளந்த கதை என்று வைத்துக்கொள்வதே பொருந்தும். பிளந்த வீட்டில் எதிராளியின் பலவீனம் எது, அவன் எந்த வாசல் வழியாகப் போய் வருவான், அவன் தாய்க்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுவரை இரு பக்கத்துக்கும் தெரியும். அடிதடிக்கு இதைவிட அபாயகரமான நிலை வேறில்லை.

எனவே ஒன்லைன் என்னும் கதைச் சுருக்கத்தை எழுதுவதற்கு முன்பே ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறை வமிச வரிசையை வரையுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, கல்யாண ஆண்டு, பாகத்தில் கிடைத்த நிலம், கிணற்றில் உள்ள பங்கு ஆகியவற்றைக் குறியுங்கள். 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதில் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும்' என்று பத்திரத்தில் எழுதியிருப்பதை நேரில் பார்த்த ஒருவரால்தான், மோட்டார் ஓட்டும் முறைக்காக அண்ணனும் தம்பியும் எட்டு வருடம் பேசாமல் இருப்பது ஏன் என்பதை எழுத முடியும்.

அடுத்து ஆற்றின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, ஒரத்துப்பாளையம் வழியாகப் போய்க் கொடுமுடிக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. நகரம் ஆற்றின் மேற்பக்கத்திலும் கிராமம் கீழ்ப்பக்கத்திலும் இருக்கின்றன. நகரம் எதை ஆற்றில் விடுகிறதோ அது கிராமத்துக் கிணற்றில் வந்து ஊறும். நம் கதையை இந்த வரைபடமே பாதி எழுதிவிடுகிறது.

கதை இதுதான். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஆற்றோரத் தோட்டத்தில் ஓர் அண்ணன். அவருக்கு ஒரே தங்கை. தங்கையை 1990 ஆவணியில் திருப்பூருக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை தன் தம்பியோடு சேர்ந்து சாயப்பட்டறை நடத்துகிறவர். 1991-இல் தங்கை, அப்பனுடைய தோட்டத்தில் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள். 1993-இல் அவளுக்கு ஒரு மகன் பிறக்கிறான். அவன்தான் நம் நாயகன். அவன் பழிவாங்கப் புறப்படுவது தன் தாய்மாமனை.

ஆண்டுகளை மேம்போக்காக எழுதாதீர்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கு நிகரான பங்கு உண்டு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே மணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல்தான் வந்தது. நம் கதையில் கல்யாணம் ஒன்றரை ஆண்டு முன்னால் நடந்திருந்தால் 1991-இல் அவளுடைய கையெழுத்து யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. அவள் கல்யாணத் தேதியே அவளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறது. மகனுக்குச் சட்டம் தெரிந்த ஒரு நண்பன் இதை எடுத்துச் சொல்லும் காட்சி, பத்து அரிவாள்களைக் காட்டுவதைவிடப் பார்வையாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும். முறையாகப் பதிவான விடுதலைப் பத்திரத்தை நீதிமன்றத்தில் அசைப்பது கடினம் என்பதையும் அதே காட்சியில் சொல்லிவிடுங்கள். நீதிமன்றக் கதவு அடைபட்ட பிறகுதான் அவன் வேறு கதவைத் தேடுகிறான் என்று ஆக வேண்டும்.

பத்திரப் பதிவுக் காட்சியை அருகில் போய் எழுதுங்கள். சிறுவனாக இருந்தபோது என் அத்தையோடு அப்படியொரு நாளில் நானும் போயிருந்தேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடமும் இடது பெருவிரல் ரேகை வாங்குவார்கள். மையைத் துடைக்கத் துணி எதுவும் கொடுக்கவில்லை. எல்லாரும் சுவரில் தேய்த்துவிட்டு வந்தார்கள். அத்தை மட்டும் ஒரு நொடி தயங்கி, அண்ணன் அன்றைக்கென்று எடுத்துக் கொடுத்திருந்த புதுப்புடவையின் உட்பக்க முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் காப்பி குடிக்கப் போனோம். அத்தை அழவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அந்தப் புடவையை அத்தை அதன் பிறகு கட்டி நான் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட காட்சியில் பின்னணி இசை வேண்டாம் என்று இயக்குநருக்குப் பிரதியிலேயே குறிப்பு எழுதிவையுங்கள்.

இப்போது அண்ணன் பக்கத்து நியாயத்தையும் அதே எடைக்குக் கட்ட வேண்டும். இந்தப் பகுதியில் சோம்பல்பட்டால் படம் வீணாகிவிடும். அண்ணன் தங்கைக்குப் பவுன் போட்டிருக்கிறார், பாத்திரம் பண்டம் கொடுத்திருக்கிறார், முதல் பிரசவம் பார்த்திருக்கிறார், தலைச்சன் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துச் சீர் செய்திருக்கிறார். 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்டது. அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. கிணறுகள் உவர்த்தன, தென்னையில் குரும்பை உதிர்ந்தது, கறவை மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. பாசன விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நம் கதையில் அந்த விவசாயிகளில் ஒருவராக அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 1991-இல் தங்கை போட்ட கையெழுத்து அவளுடைய நிலத்தை எடுத்தது. அண்ணன் போட்ட கையெழுத்து அவள் வீட்டு அடுப்பை அணைத்தது. பட்டறை மூடப்பட்டு, கடன்காரர்கள் வாசலில் நிற்க, மாப்பிள்ளை நெஞ்சடைத்து இறந்துபோகிறார். மகனுக்கு அப்போது 18 வயது.

ஒரு பக்கத்தைக் கெட்டவர்களாக்கினால் எழுதுவது எளிதாகிவிடும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சாயப்பட்டறையில் கூலிக்கு நின்ற ஆயிரக்கணக்கானோரும் அந்த உத்தரவால் வேலை இழந்தார்கள், கீழ்ப்பக்கத்தில் நிலமிருந்தும் தண்ணீரில்லாமல் விவசாயிகளும் நொடிந்தார்கள். இரண்டையும் பார்த்த ஊர் இது. இங்கே படம் பார்க்க வருகிறவர்களில் இரு பக்கத்தாரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள்.

நல்லது கெட்டது

கொங்கில் விசுவாசம் என்பது பெரும்பாலும் வந்து நிற்பதில் இருக்கிறது. யார் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வந்தார்கள், யார் முறை செய்தார்கள், யார் கை நனைத்தார்கள், யார் வாசலோடு திரும்பினார்கள் என்பதெல்லாம் நோட்டில் எழுதாமலே பத்திரமாக இருக்கும். கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. பகை வந்தவுடன் முதலில் நிற்பது இதுதான். ஆனால் எல்லாம் நின்றுவிடாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், பத்து வருடம் பேசாத பங்காளிக்கும் தீட்டு உண்டு. வழக்கு நடக்கும்போதும் அவர் வந்து அந்தத் திண்ணையில் உட்கார்ந்தாக வேண்டும். கொலைவெறியில் இருக்கும் இரண்டு பேரைச் சடங்கு ஒரே பாயில் உட்கார வைக்கிறது. நீங்கள் கற்பனையால் உண்டாக்கக்கூடிய எந்த மோதல் காட்சியையும்விட இதில் அழுத்தம் கூடுதல்.

நம் கதையின் முடிச்சை இங்கேதான் போட வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். மாப்பிள்ளை இறந்த அன்று அண்ணன் கோடி கொண்டு வரவில்லை என்பதுதான் மகன் மனதில் 18 வயதில் பதிந்த காயம். பட்டறை போனதையும் கடன் வந்ததையும் அவன் காலப்போக்கில் மறந்திருக்கலாம். தன் தாய் பிறந்த வீட்டுக் கோடியில்லாமல் உட்கார்ந்திருந்ததை மறக்கமாட்டான். இடைவேளைக்குப் பிறகு வரும் ஃபிளாஷ்பேக்கில் உண்மை தெரியட்டும். மாமன் வந்திருந்தார். துணியைத் துண்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு தெருமுனைவரை வந்தவரை, மாப்பிள்ளையின் தம்பி வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சித்தப்பாவையும் வில்லனாக்கிவிடாதீர்கள்; தன் அண்ணனான மாப்பிள்ளையின் பிணம் உள்ளே கிடக்க, வழக்கில் கையெழுத்துப் போட்டவன் எதிரே நிற்கிறான், அந்த நொடியில் அவர் செய்தது அது. பிறகு பதின்மூன்று ஆண்டுகள் அதை அவரால் வெளியே சொல்ல முடியவில்லை. அந்தக் கோடித் துணி மாமன் வீட்டுப் பீரோவில் இன்னும் மடித்தபடி இருக்கிறது என்பதை மட்டும் ஒரு காட்சியில், யாரும் பேசாமல், காட்டுங்கள்.

கொங்கு வேளாளர் கல்யாணங்களில் மணமகனின் சகோதரிக்குச் செய்யும் இணைச்சீர் என்றொரு சீர் உண்டு. அண்ணனுடைய கல்யாணத்தில் சிறுபெண்ணாகத் தங்கை இணைச்சீருக்கு உட்கார்ந்த படம் கிராமத்து வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், மாட்டியிருக்கட்டும். பகை முற்றிய பின்பும் மாமன் அதைக் கழற்றவில்லை என்றால், அதற்கு மேல் பாசத்தைப் பற்றி வசனம் எழுத வேண்டியதில்லை. சமூகத்துக்குச் சமூகம் சீர்கள் மாறும். நீங்கள் எந்தக் குடும்பத்தை எழுதுகிறீர்களோ அவர்களுடைய முறையை, அந்த வீட்டுப் பெண்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். ஆண்கள் பெரும்பாலும் பாதிதான் சொல்வார்கள்.

பழைய கதை ஒன்றையும் கேட்டுவிட்டு வாருங்கள். உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையில், பொன்னர் சங்கர் என்ற இரு அண்ணன்மாரும், பங்காளிப் பகையும், தலையூர்க் காளியோடு நடந்த சண்டையும் வரும். ஆனால் படுகளத்தில் விழுந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தேடிப்போய், அவர்களைச் சற்று நேரத்துக்கு எழுப்பிப் பேசுகிறவள் தங்கை. பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1965-இல் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தது நம் காங்கேயம் பக்கத்தில்தான். மணப்பாறைக்கு அருகில் வீரப்பூரில் ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் அந்தப் படுகளம் நிகழ்த்தப்படுகிறது. வாள் எடுத்தவர்கள் ஆண்கள். கதையை முடித்து வைக்கும் உரிமை தங்கையிடம் இருக்கிறது. நம் படத்தின் தங்கை, இரண்டு மணி நேரம் அழுதுகொண்டிருப்பதற்காக மட்டும் இருக்கக்கூடாது என்பதற்கு இந்த மண்ணிலேயே ஆதாரம் இருக்கிறது.

அடிதடியை எங்கே வைப்பது

இரண்டரை மணி நேரப் படத்துக்கு நாலு பெரிய சண்டை போதும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உறவில் ஏதேனும் ஒன்று திரும்ப முடியாதபடி மாறியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால் அந்தச் சண்டையை வெட்டிவிடுங்கள், ஸ்டன்ட் மாஸ்டர் எவ்வளவு நல்ல யோசனை சொல்லியிருந்தாலும் சரி.

முதல் மோதலில் ஒரு அடிகூட விழ வேண்டாம். தோட்டங்களுக்கு நடுவே இருபுறமும் கிளுவை வேலி அடைத்த குறுகலான இட்டேறிப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து மருமகன் தன் காரில் உள்ளே வருகிறான். எதிரே மாமன் டிராக்டரில் வருகிறார், பின்னால் டிரெய்லரில் தென்னமட்டை. ஒருவர் பின்னால் போனால்தான் மற்றவர் போக முடியும். இரண்டு பேரும் எஞ்சினை நிறுத்துகிறார்கள். வேலியில் ஓணான் ஓடுகிற சத்தம் கேட்கிறது. மாமனுக்கு டிரெய்லரோடு பின்னால் போவது கடினம் என்பது இருவருக்கும் தெரியும். முறைப்படி மருமகன்தான் ஒதுங்க வேண்டும் என்பதும் தெரியும். டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி நிற்கிறார்கள். கடைசியில் மாமன் ஒன்றும் சொல்லாமல் டிரெய்லரை, முன்னும் பின்னுமாகத் திருப்பி, அரை மைல் பின்னால் கொண்டுபோகிறார். மருமகன் நெருங்கி நெருங்கி வருகிறான். அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் அந்த அரை மைலைப் பற்றிப் பேசும். இடைவேளை வரை இந்த ஒரு காட்சியின் சூடு தாங்கும்.

இரண்டாவது சண்டையைப் பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் வையுங்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. தறிக்காரர்கள் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள். ஒருவனை அடிக்கும்போது அடுத்த வரிசையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. மின்சாரம் போய் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நிற்கும் நொடியில்தான் அலறல் கேட்க வேண்டும். மூன்றாவது, காங்கேயத்துக் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் மேய்ச்சல் காடு அது. ஒளிய இடமில்லை, ஓடினால் வேலி முள். பொள்ளாச்சிப் பச்சையையே எல்லாரும் படம் பிடிப்பதால் இந்தச் சிவந்த வறண்ட மண்ணைத் திரையில் பார்த்தவர்கள் குறைவு. நாலாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆயுதத்தை வேலையிலிருந்து எடுங்கள். தென்னந்தோப்பில் மட்டை வெட்டும் கொடுவாளும் தேங்காய் உரிக்கும் பாரையும் இருக்கின்றன, வயலில் மம்முட்டி, வண்டியில் தார்க்குச்சி. நகரத்து வீட்டு ஆட்களின் கையில் என்ன இருக்கும் என்று பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ரேக்ளா பந்தயத்தை வைக்க ஆசைப்பட்டால், கொங்கில் அது 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டமாக நடப்பது என்பதை நினைவில் வையுங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும் ஓட்டத்துக்கு நாலு நிமிடச் சண்டை ஒட்டாது. மாடு, குதிரை எதை நடிக்க வைத்தாலும் விலங்கு நல வாரியத்தின் முன்னனுமதி வேண்டும். வன்முறையின் அளவை எழுதும்போதே தீர்மானித்துக்கொள்வதும் நல்லது. 2024-இன் புதிய விதிகளின்படி யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிந்துவிட்டது. குடும்பத்தோடு பார்க்க வேண்டிய கதையை 16-க்கு மேல் தள்ளிவிட்டால் உங்கள் முதன்மைப் பார்வையாளர்களான ஆத்தாமார்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரத் தயங்குவார்கள்.

மரியாதை குறையும் இடம்

கொங்குத் தமிழில் 'ங்க' என்பது அலங்காரம் அன்று. இங்கே அடிக்கப் போகிறவனும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றுதான் சொல்வான். கோபம் ஏற ஏறக் குரல் தணியும். ஆகவே மருமகன் மாமனிடம் பேசும் ஒவ்வொரு வரியிலும் 'ங்க' இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். "வாங்க மாமா", "சொல்லுங்க மாமா" என்று படம் முழுக்க வந்துவிட்டு, ஒரே ஓர் இடத்தில் "நீ வந்தயா?" என்று அது அறுந்து விழட்டும். கோடியைப் பற்றிக் கேட்கும் இடம் அதுவாக இருக்கலாம்: "எங்கப்பன் செத்தன்னைக்கு நீ வந்தயா?" திரையரங்கில் அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு நிற்கும்.

தாயின் அப்பன் அப்புச்சி, தாயின் தாய் அம்மாயி, வீட்டின் பின்புறம் பொடக்காளி, விருந்தாளி ஒறம்பரை, கவலை வெசனம். இவற்றை வசனத்தில் நெருக்கி அடைக்க வேண்டாம்; ஒரு காட்சிக்கு ஒன்று இயல்பாக வந்தால் போதும். திருப்பூரில் வளர்ந்த மருமகன் பேச்சில் இவை குறைவாகவும், தாயோடு தனியே பேசும்போது மட்டும் கூடுதலாகவும் வந்தால், அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை மொழியே காட்டிவிடும். கரூர், நாமக்கல் பக்கத்துப் பேச்சுக்கும் கோவைப் பேச்சுக்கும் வேறுபாடு உண்டு. உங்கள் ஊரைத் தீர்மானித்துவிட்டு அந்த ஊர்க்காரர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். குடும்ப மானத்துக்காக வெட்டுவதைக் கைதட்டலுக்குரியதாக எழுதாதீர்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகில், சாதி கடந்து மணந்துகொண்ட இளம் இணையரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள், இளைஞர் இறந்துபோனார், கண்காணிப்புக் கேமராவில் அது பதிவாகி நாடு முழுவதும் பார்த்தது. அந்தக் கடைவீதி வழியாக இன்றும் நாம் போய் வருகிறோம். நாயகன் கத்தியை ஓங்கும்போது பின்னால் மெதுவாக ஓடும் படச்சுருளும் முரசும் அந்தக் கடைவீதியில் நின்றவர்களுக்கு என்னவாகக் கேட்கும் என்று எழுதும்போதே நினைத்துப் பாருங்கள். பண்ணையத்தில் வேலை செய்கிறவர்களைப் பெயரில்லாமல், அடிவாங்கி விழுவதற்காக மட்டும் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு வீடுகள் மோதும்போது முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாமனும் அல்ல, மருமகனும் அல்ல. டிரெய்லரிலிருந்து இறங்கி நின்றவர்தான். அவருக்கு ஒரு வீடும், அந்த வீட்டில் காத்திருக்கும் ஆளும், பகையைப் பற்றிய சொந்தக் கருத்தும் இருக்கட்டும்.

கடைசிக் காட்சி

கொங்கில் பெரிய முடிவுக்கு முன் சாமியிடம் பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். மருமகன் புறப்படுவதற்கு முந்தைய நாள் தங்கை பூக்கேட்கட்டும். எந்தப் பூ வந்தது என்பதைக் காட்டாதீர்கள். குழந்தையின் கை பொட்டலத்தின் மேல் இருக்கும்போது வெட்டிவிடுங்கள்.

மறுநாள் அவன் மாமனுடைய சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வருகிறான். நாலாவது சண்டை வாசலில் நடக்கிறது, அவன் ஆட்களை வென்று உள்ளே நுழைகிறான், மாமன் உள்ளறையில் இருக்கிறார். இதுவரை எல்லாரும் எழுதுவார்கள். ஆசாரத்தில் மாமனின் மனைவியான அவனுடைய அத்தை நிற்கிறார். அவர் கெஞ்சவில்லை, காலில் விழவில்லை. வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் வழக்கம். அவர் கை அதுவாகவே சொம்பை எடுக்கிறது. "வாங்க கண்ணு, தண்ணி குடிங்க" என்கிறார். அவன் பார்வையில், அவர் தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தைக் காட்டுங்கள். அடுப்படி ஓரத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று கவிழ்த்து வைத்திருக்கிறது, பக்கத்தில் காலிக் கேன்கள் இரண்டு. ஜன்னலுக்கு வெளியே, அவன் சிறுவயதில் அப்புச்சியோடு நீச்சல் பழகிய எண்பது அடிக் கிணறு தெரிகிறது. அதன் படிக்கட்டில் ஏறி இறங்கிய தடமே இல்லாமல் செடி மூடியிருக்கிறது. கேனில் காற்று ஏறிக் குமிழி விடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் வேண்டாம். சொம்பு நிறைய நேரமாகும்; அந்த நேரம் முழுவதையும் அவனுக்குக் கொடுங்கள். சொம்பு அவன் முன்னால் நீட்டப்படும்போது, அவனுடைய வலது கையில் கொடுவாள் இருக்கிறது, இடது கையால் வாங்குவது முறையில்லை.